கூரையில் ஒரு கதவு

லோம்யூ ஆறு கோடையில் படகுக்கு இடம் கொடுக்கும். நடுக்குளிரில் மரம் ஏற்றிய லாரியே அதன் மேல் போகும். ஆனால் அக்டோபர் கடைசியிலும், பிறகு ஏப்ரல் கடைசியிலும், மூன்று நான்கு வாரம் அது படகுக்கும் ஆகாது, காலுக்கும் ஆகாது. கடை, பள்ளிக்கூடம், மருந்தகம் எல்லாம் இக்கரையில். அக்கரையில் முப்பது வீடுகளுக்குக் கொஞ்சம் மேல். அந்த வாரங்களில் அக்கரைக்காரர்களுக்கு உடம்புக்கு வரக்கூடாது. வந்தால் அவர்கள் பாடு.

அதனால்தான் ரொதியோன் அந்த வண்டியைப் பற்றிப் பேச்சை எடுத்தான். நிக்காந்தரின் ஒரே மகள் உல்யானாவைக் கட்டிக்கொண்டு நகரத்திலிருந்து வந்தவன் அவன். மின்சார வேலை செய்பவன். நிக்காந்தர் முப்பது வருஷம் மரம் வெட்டும் முகாமில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி போன பிறகு அவருக்குத் துணை என்றால் வீட்டை ஒட்டிய பட்டறைதான். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் மாமனாரும் மருமகனும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொதியோன் பட்டறைக்குள் நுழைந்து, ஒரு தாளை வேலை மேசையில் வைத்தான். அவனுடைய மூன்று வயது மகள் தாஸ்யா ஒரு பக்கம் கிறுக்கியிருந்த தாள். மறுபக்கத்தில் ஒரு வண்டிப் படம்.

"என்ன இது, பொட்டியா?" என்றார் நிக்காந்தர்.

"சங்கிலிப்பட்டை வண்டி மாமா. சதுப்புலயும் ஓடும், பனியிலயும் ஓடும். காரு போகாத மெல்லிசான ஐஸ்ல கூடப் போகும். எடை பரவலா விழும்ல."

"கரண்டுக் கம்பி பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"கம்பி பிடிக்கிற வேலை எனக்கு. மத்தது உங்களுக்கு."

நிக்காந்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முன் சக்கரத்தை அடித்துவிட்டு, இரண்டு விரல் பின்னால் தள்ளி வரைந்தார். அன்றைக்கு அவன் இருட்டும்வரை பட்டறையிலேயே இருந்தான்.

இரண்டு குளிர்காலம் வேலை நடந்தது. மூடிப்போன மர ஆலையில் கிடந்த தடித்த ரப்பர்ப் பட்டையை அறுத்துச் சங்கிலிப்பட்டை செய்தார்கள். தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாயை நெடுக்கில் பிளந்து, ஒவ்வொரு துண்டாகப் பட்டையின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பனியைப் பற்றி இழுக்கும் பல் அது. எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து வந்தது. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல். இடதை இழுத்தால் இடப்பக்கப் பட்டை நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். நிக்காந்தர் பற்றவைத்த இடங்களை ரொதியோன் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "மாமா, இது என் மாமியார் சுட்ட ரொட்டி மாதிரி இருக்கு, உடையவே உடையாது" என்பான். "அவ இருந்திருந்தா அந்த ரொட்டியாலயே உன் மண்டையில போட்டிருப்பா" என்பார் அவர். உல்யானா மீன் வைத்த ரை மாவு அடையைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள். அவர்கள் சிரிப்பது கேட்டால் உடனே உள்ளே வராமல் வாசலில் சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாள்.

கூரையில்தான் வம்பு வந்தது.

கூரைக்கு நிக்காந்தர் எங்கிருந்தோ ஒரு அலுமினியத் தகடு பிடித்திருந்தார். ஒட்டில்லாத ஒரே தகடு. மரச்சுத்தியலால் ஆறு நாள் தட்டித் தட்டி, ஓரங்களை வளைத்து, முட்டை ஓடு போல ஆக்கியிருந்தார். ரொதியோன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நடுவில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிச் சொன்னான்:

"அருமையா இருக்கு மாமா. நடுவுல ஒரு கதவு வெட்டிரலாம். ஆள் நுழையிற அளவுக்கு."

"கூரையில கதவா? எதுக்கு, நட்சத்திரம் எண்ணவா?"

"ஐஸ்ல போற வண்டிக்கு மேல ஒரு வழி வேணும். உள்ள போயிட்டா பக்கத்துக் கதவு திறக்காது. தண்ணி அமுக்கும்."

"உள்ள போகாத மாதிரிதாண்டா நான் கட்டுறேன். ஓட்டை போட்டா ஒழுகும், குளிர் இறங்கும். தாஸ்யா உக்காந்து வர வேணாமா? ஆறு நாள் தட்டியிருக்கேன் மாப்ளே. அதுல அறுப்பு வாள் வைக்க விடமாட்டேன்."

ரொதியோன் இன்னொரு தரம் கேட்டான். அதற்கு நிக்காந்தர், "நகரத்துக்காரனுக்குத் தண்ணின்னா பயம்" என்றார். அவன் முகம் சுருங்கியது. அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

செப்டம்பரில் வண்டி சதுப்பில் இறங்கி, மூன்று மணி நேரம் ஓடி, சேறு அப்பிய முகத்தோடு திரும்பியது. ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. நிக்காந்தர் தாஸ்யாவை மடியில் வைத்துக்கொண்டு இடது நெம்புகோலை அவள் கையில் கொடுத்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் ஏறியதை, அம்மா போன பிறகு உல்யானா பார்த்ததே இல்லை.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காலை, மருந்தக நர்ஸ் கிளாஃபிரா பட்டறைக்கு வந்தாள். அறுபது வயது, கனத்த உடம்பு. அக்கரையிலிருந்து தொலைபேசி: எஃபிம் கிழவருக்கு நெஞ்சுவலி, வியர்த்துக் கொட்டுகிறது. ஆறு உறைந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

நிக்காந்தர் இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக அடுப்பை ஒட்டிப் படுத்திருந்தார். எழ முயன்று பாதியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க படுங்க மாமா. நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன்."

"ஆத்து நடுவுல இருக்கிற தீவுக்குக் கீழ போகாத. அங்க சுழிப்பு, ஐஸ் ஏமாத்தும். மேல சுத்திப் போ."

"சரி மாமா."

அவன் மேலே சுற்றித்தான் போனான். எல்லோரும் பிறகு தடத்தைப் பார்த்தார்கள்; அவர் சொன்ன வழியிலேயே போயிருந்தது. ஆனால் அந்த வருஷம் ஆறு தன் சுழிப்பை மாற்றிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

கரையில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். நடு ஆற்றுக்குச் சற்று அப்பால் வண்டியின் மூக்கு அமுங்கியது. வலப்பக்கக் கதவு திறந்து கிளாஃபிரா பனிக்கட்டி மேல் விழுந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மருந்துப் பை வந்து விழுந்தது. பிறகு வண்டி இடப்பக்கம் சாய்ந்து, பெரிய பனிக்கட்டிப் பாளம் ஒன்று அந்தக் கதவை அறைந்து மூட, அப்படியே உள்ளே போய்விட்டது. ஒன்றரை ஆள் ஆழம்தான். பலகைகளையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து போய் அவனை வெளியே எடுக்கும்போது மணி மூன்றாகியிருந்தது.

எஃபிம் கிழவர் பிழைத்துக்கொண்டார். யாரும் போகாமலேயே வலி தானாக விட்டுவிட்டது. ரொதியோனின் நாற்பதாம் நாள் காரியத்துக்கு, ஆறு நன்றாக இறுகிய பிறகு, அவர் நடந்தே வந்தார். வேலிவரை வந்தவர் உள்ளே வர மனமில்லாமல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உல்யானா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள்.

கிளாஃபிரா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "என்னைத் தள்ளிவிட்டான். 'நர்சம்மா, கொஞ்சம் சோறு குறைச்சிருக்கக் கூடாதா'ன்னான். சிரிச்சான்டி உல்யானா, சத்தியமாச் சிரிச்சான். அப்புறம், 'பை, பை'ன்னு கத்திப் பையைத் தூக்கிப் போட்டான். பையைப் போடாம அவன் வந்திருக்கலாம்."

நிக்காந்தர் மனசில் அலுமினியத் தகடு ஒன்றுதான் இருந்தது.

ஜனவரியில் பனிக்கட்டி ஒரு முழத்துக்கு மேல் தடித்தது. ஊர் ஆண்கள் ஆற்றை அறுத்து, கம்பி வடம் போட்டு, வண்டியைத் தூக்கி, டிராக்டரில் இழுத்து வந்து நிக்காந்தரின் முற்றத்தில் விட்டுப் போனார்கள். மறுநாள் அவர் அதைக் கப்பி போட்டுப் பட்டறைக்குள் இழுத்து அடுப்பை மூட்டினார். ஐஸ் உருகி ஓடியது. பகல் வெளிச்சத்தில் கூரை தெளிவாகத் தெரிந்தது.

தகட்டில் புடைப்புகள். உள்ளேயிருந்து வெளியே தள்ளிய புடைப்புகள். அவர் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். தரையில் பெரிய ஸ்பானர் கிடந்தது. கூரையின் உட்புறத்தில், நடுவில், ஒரே இடத்தைச் சுற்றி அடி மேல் அடியாக விழுந்திருந்தது. கதவு வெட்டலாம் என்று அவன் விரலால் வட்டம் போட்டுக் காட்டிய அதே இடம்.

கிளாஃபிரா விழுந்ததையும் பாளம் மூடியதையும் எல்லோரும் பார்த்தார்கள். இதை யாரும் பார்க்கவில்லை. நிக்காந்தர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அண்ணாந்து, உள்ளங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். அடுப்பு அணைந்ததும் எழுந்து, கோட்டுகூடப் போடாமல் மகள் வீட்டுக்கு நடந்தார்.

உல்யானா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் சட்டைகள் விறைத்துப் பலகை போல நின்றன.

"கோட்டு எங்கப்பா?"

"உல்யா, அவன் கூரையில கதவு கேட்டான். ரெண்டு தரம் கேட்டான். நான்தான் விடலை. தண்ணிக்குப் பயப்படுறான்னு கேலி பண்ணினேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "உள்ள அடிச்சிருக்கான்மா. கூரையை அடிச்சிருக்கான். நான் போட்ட தகடு. நான்தான் அவனை உள்ள வச்சு மூடினேன்."

அவள் கையில் ஈரத்துணி இருந்தது. அது விறைக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"கதவு கேட்டது தெரியும். நீங்க ஆகஸ்ட்ல பல் பிடுங்க டவுனுக்குப் போனீங்கல்ல, அன்னைக்கு வாளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு. 'உங்கப்பா வர்றதுக்குள்ள வெட்டிர்றேன், வந்து திட்டட்டும்'னாரு. நான்தான் வாளைப் பிடுங்கி வச்சேன்." அவள் குரல் உயரவே இல்லை. "'நாலு வருஷம் பேசாம இருந்துட்டு இப்பதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது. ஒரு தகரத்துக்காக அதைக் கெடுத்துக்காதே'ன்னேன். நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சுப்பா. சரின்னு சொல்லிட்டு வாளைக் குடுத்துட்டாரு."

நிக்காந்தர் அவளைத் தொடக் கையை நீட்டினார்.

"வேணாம்ப்பா. இப்ப வேணாம். வீட்டுக்குப் போங்க. குளிருது, போங்க."

அதன் பிறகு அவள் அவர் வீட்டுக்கு வரவில்லை. சாப்பாடு மட்டும் தாஸ்யாவின் கையில் வந்தது. சனிக்கிழமைகளில் அவர் நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டி, அவளுக்கும் குழந்தைக்கும் சேர்த்துத் தண்ணீர் காய்ச்சி வைப்பார். தண்ணீர் ஆறிப் போகும்.

பிப்ரவரியில் ஒரு நாள் வண்டியைத் துண்டு துண்டாக வெட்டி எறிய கேஸ் கட்டரை எடுத்தார். கிளாஃபிரா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன பண்ணப் போற?"

"வெட்டப் போறேன்."

"வெட்டிட்டா அவன் எழுந்து வந்துருவானா? ஏப்ரல்ல அக்கரையில ஒருத்தருக்கு முடியாமப் போனா என்ன பண்ணுவ, போய் மன்னிப்புக் கேப்பியா?"

"நீ இதுல மறுபடியும் ஏறுவியா நர்சம்மா?"

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஏறுவேன். ஆனா கதவை மூட மாட்டேன்."

அவர் கட்டரை வைத்துவிட்டு வாளை எடுத்தார். கூரையை வெட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு நாள் தட்டிய தகட்டில் அரை மணி வேலை. இதை அவர் அதற்கப்புறம் பலரிடம் சொன்னார்; கேட்காதவர்களிடமும் சொன்னார். அறுத்தெடுத்த வட்டத்தையே கீல் வைத்துக் கதவாக்கினார். அதிலிருந்த புடைப்புகளைத் தட்டிச் சரிசெய்யவில்லை. தண்ணீரில் கிடந்த எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பூட்டி, வண்டியின் இரு பக்கமும் காற்றடைத்த பெட்டிகளைப் பொருத்தினார். ஏப்ரலில் கரையோர ஐஸ் விட்டதும் அதைக் கயிறு கட்டி ஆழத்தில் தள்ளிவிட்டு, மிதக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதந்தது.

அடுத்த அக்டோபரில், ஆறு உறைந்து ஏழாம் நாள், அக்கரையில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. கிளாஃபிரா பையோடு வந்தாள். நிக்காந்தர் எஞ்சினைக் கிளப்பிக் கரைக்குக் கொண்டுவந்தபோது அங்கே உல்யானா நின்றிருந்தாள். தோளில் பெரிய கயிற்றுச் சுருள்.

அவள் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியின் பின்கொக்கியில் கயிற்றின் நுனியை முடிந்தாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடி முடிந்தாள்.

"பாதி ஆத்துக்குக்கூடப் பத்தாதும்மா," என்றார் நிக்காந்தர்.

"பத்துற வரைக்கும் பிடிக்கிறேன்."

கிளாஃபிரா உள்ளே உட்காரவில்லை. கூரைக் கதவு வழியாக இடுப்புவரை வெளியே நின்றுகொண்டு, "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பனிக்கட்டி அடியில் நெடுக முனகியது. நிக்காந்தர் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியிலும் பார்க்கவில்லை. அக்கரையை நெருங்கும்போது வண்டி சற்றே பின்னுக்கு இழுபட்டது. ஒரு கணம்தான். பிறகு விட்டது.

"கயித்தை விட்டுட்டா," என்றாள் மேலேயிருந்து கிளாஃபிரா.

அக்கரை மேட்டில் ஏறியதும் வண்டியை நிறுத்தி இறங்கினார். நீளக் கயிறு பின்னால் ஆற்றின் மேல் கிடந்தது. உல்யானா கரையில் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே பனிக்கட்டி மேல் இறங்கி வந்திருந்தாள், நடு ஆறுவரை. அங்கேயே நின்றிருந்தாள்.

"கரைக்குப் போ உல்யா!" என்று கத்தினார். "போம்மா! நான் வர்ற வரைக்கும் அங்க நிக்காத!"

அவள் நகரவில்லை. அவர் இன்னொரு தரம் கத்தினார். சற்று நேரம் கழித்து அவள் மெல்லத் திரும்பி, காலை அகல வைத்து, பார்த்துப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவள் கரையேறும்வரை நிக்காந்தர் அசையவில்லை.

"வண்டிய எடு நிக்காந்தர்," என்றாள் கிளாஃபிரா தணிந்த குரலில். "அந்தப் பொண்ணு வலியில கெடக்கா."