பன்னிரண்டாவது மாணவி

வெண்தாமரைப் பெண்கள் பள்ளிக்கு எழுபத்தைந்து வயது நிறையப்போகிறது என்றதும், சிறப்பு மலர் எழுதும் வேலை வரலாற்று ஆசிரியை லோகேஸ்வரியின் தலையில் விழுந்தது. அரசாங்க உதவி இல்லாமலே இத்தனை வருடம் தாக்குப்பிடித்த பள்ளி அது.

"பெரிய ஆளுங்க படம் எதுவும் விட்டுப்போகாம பாத்துக்குங்க, லோகேஸ்" என்றார் தலைமையாசிரியை அனுஜா.

பழைய ஆவணங்கள் கேன்டீனை ஒட்டிய சாமான் அறையில் கிடந்தன. மூன்றாம் நாள் 1949-ஆம் ஆண்டின் சேர்க்கைப் பதிவேடு அகப்பட்டது. பன்னிரண்டே பெயர்கள். பதினோரு பேருக்கு வயது ஏழு, எட்டு. கடைசிப் பெயர் நல்லம்மா, ஊர் சுங்கை பினாங். வயது முப்பத்து நான்கு.

"தூக்கத்துல எழுதிட்டாங்க போல" என்று லோகேஸ்வரி சிரித்தாள்.

தே தாரே தேநீர் கொண்டுவந்த கேன்டீன்கார புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். "ஏன் டீச்சர், அந்த வயசுல படிக்கக் கூடாதா?"

லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டு பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியைத் திறப்பதில்லை என்று குழு முடிவு செய்திருந்தது. திறப்பு நாளன்று வந்தவர்கள் பதினோரு பேர். பெரியவர்கள் கதவைப் பூட்டக் கிளம்பியபோது, சமையலுக்கு வந்திருந்த நல்லம்மா ஈரக் கையோடு வந்து, "என் பேரை எழுதிக்குங்க" என்றிருக்கிறாள். 'சிலர் ஆட்சேபித்தனர். விதியில் வயது வரம்பு இல்லாததால் ஏற்கப்பட்டது' என்று செயலாளர் எழுதி வைத்திருந்தார்.

பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அவள் போய்விடவில்லை. உலையை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, நான்கு வருடம் படித்திருக்கிறாள் என்பதை அந்த வருடங்களின் மதிப்பெண் பட்டியல்கள் காட்டின.

இதை மலரில் போட அனுஜாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "ஆள் சேராம சமையக்காரம்மாவ உக்கார வச்சாங்கன்னு சிரிப்பாங்களே!"

"நல்லம்மாவோட மார்க்கப் பாருங்க, மேடம்" என்று லோகேஸ்வரி பட்டியலை நீட்டினாள்.

அனுஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கணக்குல தொண்ணூத்தொண்ணா? நானே எடுத்ததில்லலா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மலரின் முதல் பக்கம் நல்லம்மாவுக்குப் போனது. படம் கிடைக்காததால், பதிவேட்டில் அவள் பெயர் இருந்த வரியையே பெரிதாக அச்சிட்டார்கள்.

விழா முடிந்த திங்கட்கிழமை, புஷ்பவள்ளி ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றாள். "டீச்சர், நான் பதினஞ்சு வயசுல, ஃபோம் த்ரீயோட நின்னுட்டேன். இப்ப எஸ்பிஎம் பரீட்சை எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம் அக்கா. கேன்டீன் மூடுனதும் வந்துடுங்க."

மறுநாளே வந்தாள், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த வருடப் பள்ளியிறுதித் தேர்வில் தனித்தேர்வராக உட்கார்ந்து ஐந்து பாடங்களில் தேறினாள், வரலாற்றில் ஏ. கணிதத்தில் கோட்டைவிட்டாள்.

"அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா" என்றவள், அன்று வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வறுத்த மீ கோரெங் நூடுல்ஸைச் சும்மாவே அள்ளி வைத்தாள்.