பலகை விலை

பெரியமுத்துவுக்குப் போலீஸைக் கண்டால்கூடப் பயமில்லை. நோட்டும் பேனாவுமாக ஓர் அரசு ஊழியர் கடைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், ஈரக்குலை நடுங்கிவிடும். போடிமெட்டுக்குக் கீழே எஸ்டேட் கடைவீதியில் அவர் மளிகைக்கடை வைத்திருந்தார். விலைப்பலகையில் எழுதியதைவிட அதிகம் வாங்கியதாகப் பக்கத்துக் கடைக்கு அபராதம் விழுந்ததிலிருந்துதான் இந்த நடுக்கம். அவர் பலகையிலும் தேங்காயெண்ணெய் லிட்டர் முந்நூற்று அறுபது. விற்றதோ நானூற்று எண்பது. கொள்முதல் அப்படி ஏறியிருந்தது. பலகையை மாற்றி எழுதலாம்தான். ஏன் மாற்றினாய் என்று எவராவது கேட்டுவிட்டால்? மனுஷன் அதையும் தொடவில்லை.

மாதாமாதம் புஷ்பமேரி வந்து அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று கேட்கும்போதெல்லாம் பலகையைப் பார்த்தே ஒப்பித்தார். அவள் புள்ளிவிவர இலாகாக்காரி. எந்த இலாகாவானால் என்ன, எல்லாம் ஒரே சர்க்கார்தானே என்பது அவர் கணக்கு. மற்றக் கடைக்காரர்களும் அப்படியே ஒப்பித்தார்கள்.

சம்பளத்தன்று அவர் மனைவி வேலுத்தாய் கொதித்துப்போய் வந்தாள். அவள் தேயிலை பறிக்கிறவள். டி.ஏ. என்கிற பஞ்சப்படி இந்த முறையும் ஏறவில்லை. விலைவாசி ஏறினால்தான் டி.ஏ. ஏறும், சர்க்கார் கணக்கில் இங்கே விலை அசையவே இல்லை என்று யூனியன்காரர் விளக்கினாராம்.

"எவன் போய் இந்த வெலையச் சொன்னானோ, அவன் வாயில மண்ணு விழ" என்றாள்.

பெரியமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயில் வந்த விலை அவள் சம்பளத்தில் போய் நின்றது அப்போதுதான் புரிந்தது. இது தெரிந்தால் இவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது, எஸ்டேட் லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த மாதம் புஷ்பமேரி வந்தது வேலை விடுகிற நேரத்தில். கடை நிறையக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள். வேலுத்தாய் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் விலை கேட்டதும் அவர் பலகையைப் பார்த்தார். ஒருபக்கம் அபராதம், ஒருபக்கம் இவர்கள். பழகிய பயமே ஜெயித்தது. முந்நூற்று அறுபது என்று முனகினார்.

முன்னால் நின்ற இந்து என்ற கொழுந்துக்காரப் பெண் தன் காலிப் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"அந்த வெலைக்கே எனக்கு ஒரு லிட்டர் ஊத்துங்க அண்ணாச்சி."

பின்னால் நின்றவர்களும் புட்டிகளை வைத்தார்கள். எழுதிக்கொண்டிருந்த புஷ்பமேரி நிமிர்ந்து பார்த்தாள். பெரியமுத்து கல்லாவை விட்டு எழுந்தார்.

"நானூத்தி எண்பது மேடம். இத்தனை மாசமும் பயத்துல பொய் சொல்லிட்டேன். பைன் போடுறதுன்னா போட்டுக்குங்க."

தனக்கு அபராதம் போடும் அதிகாரமே இல்லை, விலை கேட்டு எழுதுவதோடு தன் வேலை முடிந்தது என்றாள் அவள். பழைய மாதங்களைத் திருத்த முடியுமா என்று வேலுத்தாய் கேட்டாள். வெளியான கணக்கைத் திருத்த மாட்டார்கள், இந்த மாதம் முதல் சரியாக எழுதலாம் என்று பதில் வந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு மூச்சு வந்திருக்கும். பெண்கள் புட்டிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். வேலுத்தாய் தராசைக் கீழே வைத்தாள்.

"பைனுக்கு இனி பயப்படாதீங்க. அத நாங்க கட்டிட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போனாள்.