முக்கால் கட்டில்

காலி வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கற்பனை கிடையாது என்பது பெரியவளின் தொழில் பாடம். வெறும் சுவரைக் காட்டினால் விரிசலைத்தான் பார்ப்பார்கள். அதே சுவரோரம் ஒரு சோபாவைப் போட்டு, மேலே ஒரு படத்தை மாட்டிவிட்டால், அதில் தாங்களே சாய்ந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். விற்க வேண்டிய வீடுகளை அப்படி ஜோடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. வீடு விற்றதும் சாமான்கள் வேனில் ஏறி அடுத்த காலி வீட்டுக்குப் போய்விடும்.

அவள் தங்கை சின்னவள் இந்தப் பிழைப்பை ஒரு நாளும் மதித்ததில்லை. சின்னவள் கணக்கு டீச்சர். வாயும் கறார். "நீ பண்றது சினிமா செட்டுதான்க்கா. படம் முடிஞ்சா பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவீங்க" என்பாள், அதுவும் நாலு பேர் இருக்கும்போது. பெரியவள் சிரித்து மழுப்பிவிடுவாள். ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும்.

அப்பா சின்னவளோடுதான் இருந்தார். பெரியவளின் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல். கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மனிதரை அங்கே எப்படி ஏற்றுவது? சின்னவளின் வாடகை வீட்டில் அவருக்கு ஹால்தான் கிடைத்தது. டிவியும் பிள்ளைகளும் வருகிறவர் போகிறவருமாக இருக்கும் ஹாலில், வேட்டி விலகிவிடுமோ என்று பகலெல்லாம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், நெடுநெடுவென்று உயரம், யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அவரே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டார். "பெருசா ஒண்ணும் வேணாம்மா. சாத்திக்க ஒரு கதவு இருந்தா போதும்." அன்றிலிருந்து சின்னவளும் அவள் புருஷனும் சொந்த வீடு தேடி அலைந்தார்கள். அப்பாவுக்கென்று ஓர் அறை இருக்கிற வீடு அவர்கள் கைக்கு எட்டவில்லை.

இந்த நேரத்தில்தான் பெரியவளுக்கு ஒரு பழைய வீட்டை ஜோடிக்கும் வேலை வந்தது. பின்பக்கம் சாமான் போட்டுவைக்கும் அறை ஒன்று. "இதையும் பெட்ரூமா காட்டிக் குடுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் புரோக்கர். அவளுக்கா வழி தெரியாது? அவளுடைய கோடவுனில் முக்கால் கட்டில் என்று ஒன்று உண்டு. பார்க்கக் கட்டில் மாதிரியே இருக்கும். நீளத்திலும் அகலத்திலும் கால் பங்கு குறைவு. அதில் வளர்ந்த ஆள் படுத்தால் கால் வெளியே தொங்கும், ஆனால் வீடு பார்க்க வருகிறவர் யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. அதைப் போட்டாள். உள்பக்கம் திறந்து இடத்தை அடைக்கும் கதவைக் கழற்றிப் பின்கட்டுச் சுவரில் சாத்தி வைத்தாள்.

ஜோடிக்கும்போது யாராவது ஒருவரை அங்கே குடிவைத்து யோசிப்பது அவள் வழக்கம். அன்று அப்பாவை நினைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி, எட்டும் தூரத்தில் ரேடியோ, கால்மாட்டில் மடித்த கம்பளி. அறை அம்சமாக அமைந்துவிட்டது.

அடுத்த வாரம் சின்னவள் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, வீடு கிடைச்சிருச்சு. பின்னாடி ஒரு ரூம் இருக்கு பாரு, அப்பாவுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு. ஜன்னல் பக்கம் நாற்காலி, பக்கத்துல ரேடியோ. கதவு மட்டும் கழட்டி வெச்சிருக்கு, மாட்டிக்கலாம். யாரு இருந்த வீடோ, என்ன ஒரு ரசனை!"

பெரியவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். அதற்குப் பதில் அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அது நான் பண்ண வீடுடி."

சின்னவளின் குரல் இறங்கி வந்தது. "நிஜமாவா? உன்னை நான் என்னென்ன பேசியிருக்கேன். அந்த ரூமைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா."

இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினாளோ, அது காதில் தேனாகப் பாய்ந்தது. கட்டில் சின்னது, நிஜக் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்பதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. இந்த ஒரு ராத்திரி சந்தோஷமாக இருக்கட்டும், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினாள். தங்கையின் சந்தோஷத்துக்காக என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது சுத்தப் பொய். காலையில் போன் செய்தபோது அட்வான்ஸ் கைமாறியிருந்தது. இனிச் சொல்லி என்ன, எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கே அளவு சொல்லிக்கொடுக்கும் சின்னவளும் டேப் வைத்துப் பார்க்கவில்லை. கட்டில் கிடக்கிற அறையை யார் அளப்பார்கள்?

குடிபோன அன்று அப்பாவின் கட்டில் அந்த அறைக்குள் நேராகப் போகவில்லை. சாய்த்து, தூக்கி, ஒருவழியாக நுழைத்ததும் கதவைத் திரும்ப மாட்ட வழியில்லாமல் போயிற்று. நடைக்கு வைத்திருக்கும் வாக்கரைத் திருப்ப ஒரு முழம் இடம் மிச்சமில்லை. கட்டிலைத் தூக்கி வந்த ஆட்கள் வேர்த்து விறுவிறுத்து, "எங்கம்மா போடறது?" என்றார்கள். சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

பெரியவள் ஆமென்று தலையை ஆட்டினாள். திட்டுவாள், கத்துவாள், எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். சின்னவள் ஆட்களிடம் திரும்பி, "ஹால்லயே போடுங்க" என்றாள்.

புது வீட்டு ஹாலில் அப்பா படுத்துக்கொண்டார். "இங்கயே காத்து நல்லா வருதும்மா" என்றார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வீட்டை அழகு பண்ணது என் மூத்த பொண்ணு" என்று பெருமை வேறு. சொல்லும்போதே கை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டது. பெரியவளால் அங்கே உட்கார முடியவில்லை.

கிளம்பும்போது சின்னவள் வாசல்வரை வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் வேலைக்காரரிடம் வேலை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இந்த ஹாலைக் கொஞ்சம் பண்ணிக் குடு. ஆளுங்க வந்தா அவருக்குக் கூச்சமா இருக்கு. அப்பா அங்க இருக்கறது தெரியக்கூடாது."

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கண் ஹாலுக்குள் போய், எந்த உயரத்தில் அலமாரி வைத்தால் கட்டில் மறையும் என்று பார்க்க ஆரம்பித்திருந்தது. அவளுக்கு அதுவும் நன்றாக வரும்.