தண்ணீருக்கு வைத்த வெளிச்சம்

கணினியில் எவ்வளவு வெளிச்சம் ஏற்றினாலும் தங்கமாரியின் முகம் வரவில்லை. இருட்டு சாம்பலாகி, அதில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் கிளம்பின. சுபாஷ் மவுசை விட்டுக் கையை எடுத்தான்.

எதிரே நாற்காலியில் அவளுடைய அம்மா உச்சிமாகாளி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து திரும்பிய வேன் கவிழ்ந்து மகள் செத்து எட்டு நாள். பதினாறாம் நாளுக்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தை எவனோ மாவு பூசியதுபோல் வெளுத்து வைத்திருந்தான். "இது எம் புள்ள இல்ல" என்று சுபாஷின் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு முன், நைட் ஷிப்டை உதறிவிட்டு சுபாஷ் பழைய கேமரா வாங்கிய புதிது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் கேட்டாள் தங்கமாரி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில், வெயிலில் மின்னும் தண்ணீருக்கு முன்னால் நிறுத்தி, கேமராவை ஆட்டோ மோடில் வைத்து அமுக்கினான். தண்ணீர் அழகாக விழுந்தது. முகம் இருந்த இடத்தில் கரி.

"என்னண்ணே, மூஞ்சியவே காணோம்?"

"நீ கீற கலருக்கு கேமரா இன்னா பண்ணும்? பல்லக் காட்டு, அதுனாச்சும் வுழும்."

அவளும் சிரித்தாள். பல் மட்டும் விழுந்தது. அந்தப் படம்தான் இப்போது திரையில்.

ஒரு மாதம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. ஆட்டோ மோடில் கேமரா பளிச்சென்ற தண்ணீரைப் பார்த்து மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடுகிறது. முகத்துக்கான வெளிச்சத்தை நாம்தான் வைக்க வேண்டும். மேனுவல் மோடில் சக்கரத்தை நாலு சொடுக்கு திருப்பியிருந்தால் தண்ணீர் வெளுத்திருக்கும், முகம் நின்றிருக்கும். கூப்பிட்டு மறுபடி எடுக்க நினைத்தான். நினைத்ததோடு சரி.

"போன்ல வேற படம் இருக்குமேம்மா?"

"பழசெல்லாம் வேன்ல போனோட நொறுங்கிப் போச்சுய்யா. ஆறு மாசமா எடுக்கவே மாட்டேன்னுட்டா. 'எங் கலருக்கு மொகம் விழாதாம்மா, படம் புடிக்கிறவரே சொல்லிட்டாரு'ன்னா." நிமிர்ந்து பார்த்தாள். "நீதானா அது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தாம்மா. அவ கலர் மேல தப்பில்ல. எனக்குத்தான் வெளிச்சம் வெக்கத் தெரியல."

உச்சிமாகாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அவகிட்ட சொல்லிருக்கலாம்லா."

அவன் மவுசைப் பிடித்து மறுபடி வெளிச்சத்தை ஏற்றப் போனான்.

"இதயே போட்டுக் குடு. வெளுக்காத. பல்லாவது அவளுது."

பிரிண்ட் வந்தது. ஒவ்வொரு அலையும் தெளிவாக விழுந்திருந்தது.