சம்பந்தி துப்பியது

1.

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கொடுத்தவள் என் அக்கா. கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் அவளுக்கு வேலை. பார்வையாளர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைப் பிளப்பார்கள். அவள் பின்பக்கம், ரப்பர் பூட்ஸும் மீன் கவிச்சியுமாகத் தொட்டிகளுக்குத் தீனி போடுவாள். அங்கிருந்த ஆக்டோபஸுக்கு அவள் வைத்த பெயர் சம்பந்தி. எவ்வளவு உபசரித்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்குமாம்.*

* அதற்கு முகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "கோபம் வந்தா தெரியும்" என்றாள்.

2.

முதல் தொடக்கம்: "எனக்கு மூன்று இதயங்கள். மூன்றும் அவளுக்காகவே துடித்து…"

("இது ஆக்டோபஸா, காதல் தோல்வியில இருக்கிற உன் ஃப்ரெண்டா?" என்றாள் அக்கா. கோடு போட்டு அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: "தண்ணீருக்கு மேலே திரியும் அந்தப் பரிதாபப் பிராணிக்கு இரண்டே கைகள். அவற்றால் ருசி பார்க்கக்கூடத் தெரியாது. எப்படித்தான் இது—"

(இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இதுவும் நான்தான். எட்டுக் கைகளை ஒட்டவைத்துக்கொண்டு மாறுவேடப் போட்டிக்கு வந்த நான்.)

ஆகவே அதன் மண்டைக்குள் நுழையும் முயற்சியைக் கைவிடுகிறேன். அதன் அறிவில் பெரும்பகுதி கைகளில்தான் இருக்கிறதாம். மண்டைக்குள் போய்க் கதவைத் தட்டினாலும் ஆள் வீட்டில் இருக்காது.

3.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா தினமும் தொட்டிக்குள் கையை விடுவாள். சம்பந்தி ஒரு கையை நீட்டி அவள் மணிக்கட்டைச் சுற்றும். அந்தக் கையில் வரிசையாக இருக்கும் உறிஞ்சிகள், தொட்டதையெல்லாம் ருசி பார்க்கும். ஒருவகையில் அது கைகுலுக்கல். இன்னொரு வகையில் நக்கிப் பார்த்தல். பிடிக்காதவர்கள் வந்தால் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சும். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், புதுச் சட்டையோடு போய் நனைந்து வந்திருக்கிறார்.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. (இந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு பத்தி மேகமூட்டம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன்.) அறுவை சிகிச்சை, மருந்து, மாதக்கணக்கில் விடுப்பு. முடி கொட்டியது, புருவமும் போனது. வந்தவர்களெல்லாம் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல அவளிடம் பேசினார்கள். மாமா சண்டை போடுவதையே நிறுத்திவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த மேட்சை அவள் வேண்டுமென்றே மாற்றினாலும், "உனக்குப் பிடிச்சதைப் பாரும்மா" என்றாராம்.

"அப்பதான்டா நான் ஏற்கெனவே செத்துட்டேனோன்னு சந்தேகம் வந்துச்சு."

4.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கூட வேலை செய்பவர்கள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைக்கத் தயாராகவே வந்திருந்தார்கள். அக்கா தொப்பியைக் கழற்றினாள். கையைத் தண்ணீருக்குள் விட்டாள். சம்பந்தி மெல்ல ஒரு கையை நீட்டி மணிக்கட்டைத் தொட்டது. ஓர் உறிஞ்சி, இன்னொன்று, பிறகு

(இங்கே "எட்டுக் கைகளாலும் அவளை அணைத்து" என்று எழுதியிருந்தேன். "டேய், அது கட்டிப்பிடிச்சுதுன்னு மட்டும் எழுதினே, அப்புறம் நீ எனக்குத் தம்பியே இல்ல.")

பிறகு சட்டென்று கையை உருவிக்கொண்டது. உடம்பெல்லாம் சிவந்தது. அக்காவின் மூஞ்சிக்கு நேராகப் பீய்ச்சியது. மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர்.

யாரோ துண்டோடு ஓடிவந்தார்கள். அக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு ஜீவன் அவளிடம் மரியாதையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது!

அன்று மாலை வீட்டுக்குப் போய் மாமாவிடம் சண்டை பிடித்தாள். எதற்கென்று இப்போது இருவருக்கும் நினைவில்லை. மாமா முதலில் பொறுத்துப் பார்த்தார், பிறகு அவரும் கத்தினார், கத்திக்கொண்டே அழுதுவிட்டார். (இந்த வரியை எடுக்கச் சொன்னார் மாமா. இருக்கட்டும் என்றாள் அக்கா. யார் பேச்சு செல்லும் என்று உங்களுக்கே தெரியும்.)

5.

சம்பந்தி அவளை யாராக எடுத்துக்கொண்டது? மருந்து ஊறிய தோல் கசந்து, யாரோ அந்நியர் என்று விரட்டியதா? அவள்தான் என்று தெரிந்து, இத்தனை நாள் எங்கே தொலைந்தாய் என்று திட்டியதா? முன்னதைக் கட்டுரைக்கும் பின்னதைக் கதைக்கும் வைத்துக்கொள்ளலாம். நிஜத்துக்கு எதை வைப்பது என்று அக்காவிடமே போனில் கேட்டேன்.

"மறுநாளும் போய்க் கையை விட்டேன்" என்றாள்.

"என்ன பண்ணுச்சு?"

"சொன்னா எழுதிடுவே." வைத்துவிட்டாள்.

எனவே எனக்குத் தெரியாது. நீங்களே கையை விட்டுப் பாருங்கள். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொஞ்சம் குளிரும். மூலையில் ஏதோ அசைகிறது பாருங்கள், உங்களைத்தான்