எல்லாவற்றுக்கும் ‘சரி’

கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கின் அந்த அலுவலகத்தில் காலையிலிருந்தே விருந்துக்கு வேகும் ஆட்டுக் கொழுப்பு வாடை. ஜிபார்குலுக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை. வாடையால் மட்டுமல்ல.

பள்ளிப் பிள்ளைகள் கிர்கிஸ் சொற்களிலேயே நிரல் எழுதிப் பழக ஒரு சின்னக் கணினி மொழி தயாராகிக்கொண்டிருந்தது. அதில் மாறிகளை அறிவிக்கும் வரிகளைப் படித்துப் பார்க்கும் பகுதியை ஆறு வாரம் உட்கார்ந்து எழுதியவள் அவள். ‘எண் வயது = 12;’ என்று பிள்ளை அடித்தால் முதலில் வகை, பிறகு பெயர், சமக்குறி, மதிப்பு, கடைசியில் அரைப்புள்ளி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஏதாவது விட்டுப்போனால் அந்த இடத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டிக்கொடுக்கும். பத்து வருடமாக அடுத்தவர் பெயருக்கு மாடாய் உழைத்தவள். பள்ளிகளுக்குப் போகும் வட்டின் அட்டையில் தன் பெயர் வரப்போவது இதுதான் முதல் தடவை.

நேற்று இயக்குநர் தோக்தோபெக் அவள் மேசைமேல் வந்து சாய்ந்தார்.

“நாளைக்கு மேலிடத்துலேர்ந்து கல்மூர்சா வராரு. அந்தச் சிவப்பைத் தூக்கிடு, தங்கச்சி.”

“தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லணுமே, அண்ணே. அதுக்குத்தானே இது?”

“வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பாத்து மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்வாங்களா? அசிங்கமா இல்ல? உன்னால முடியலைன்னா சொல்லு. வேற ஆள் தூக்குவான், அட்டையில அவன் பேரைப் போட்டுக்கலாம்.”

தூக்கினாள். சிவப்பு வரவேண்டிய இடத்திலெல்லாம் பச்சையில் ‘சரி’ வந்தது. ஆறு வார வேலையைத் தலையாட்டி பொம்மையாக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தன்மேலேயே வந்த அருவருப்பு போகவில்லை.

கல்மூர்சா வந்தார். மரியாதைக்கு வெள்ளைக் கம்பளித் தொப்பி சூட்டினார்கள். பெஷ்பர்மாக் என்ற ஆட்டுக்கறி விருந்தைக் கையால் அள்ளி அள்ளித் தின்றவர், கறியும் கொழுப்பும் ஒட்டிய அதே விரல்களோடு அவளுடைய கணினி முன்னால் உட்கார்ந்தார். தன் பெயரை அடித்தார். எல்லாரும் பார்க்கச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ‘சரி’ என்று வந்தது. தன் குதிரையின் பெயரை அடித்தார். அதற்கும் ‘சரி’.

“அட, எனக்கே நிரல் எழுத வருதேய்யா! முந்நூறு பள்ளிக்கும் அனுப்புங்க!”

அறை முழுக்க ஈயென்று இளித்தது.

“இதை எழுதின பொண்ணு எங்க? நீயும் ஒண்ணு அடிச்சுக் காட்டும்மா” என்றார் கல்மூர்சா.

பிசுபிசுத்த விசைகள் விரலில் பட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘இது சுத்தப் பித்தலாட்டம்’ என்று அடித்தாள். திரை ‘சரி’ என்றது.

கல்மூர்சா பச்சையை மட்டும் பார்த்துத் தலையை ஆட்டினார். தோக்தோபெக் வரியைப் படித்துவிட்டார். அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். முதலில் கைதட்டியவரும் அவரேதான். மற்றவர்கள் விடுவார்களா? கூரை அதிரத் தட்டினார்கள்.

விருந்தாளியின் கார் கிளம்பியதும் தோக்தோபெக்கிடம் போனாள்.

“அண்ணே, என் பேரை எடுத்துடுங்க. எவன் பேரை வேணாலும் போட்டுக்கோங்க.”

அவர் பல்லிடுக்கில் மாட்டிய கறியை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். கோபப்படக்கூட இல்லை.

“முந்நூறு அட்டையும் நேத்தே அச்சாயிடுச்சு, தங்கச்சி.” அதே கையால் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். “உன் பேரு எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாரு.”

அவள் பெயர்மேல் அவருடைய கட்டைவிரல் கொழுப்பு அப்பியிருந்தது. கழுத்துத்துண்டின் நுனியால் அழுத்தித் துடைத்தாள். பெயர் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.