பச்சை டிக்

வீடுகளுக்கு மருந்து அனுப்பும் செயலிக்காக டாலாய் எழுதிய நிரலில் ஓட்டை இருப்பதை பெகாயிம் போன வாரமே பார்த்துவிட்டாள். ஒரே நோயாளிக்கு இரண்டு டாக்டர்கள் மருந்து எழுதினால் பழைய சீட்டு காணாமல் போய்விடும். ஆபீசில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பச்சை டிக் போட்டால்தான் அது வேலைக்குப் போகும். திரையிலேயே குறிப்பு எழுதினாள். அனுப்பும் நேரத்தில் கை வரவில்லை. ஆபீசே படிக்குமே! நாலு பேர் முன்னால் மூத்தவரின் தப்பைச் சொல்லிக்காட்டும் பெண்ணை பிஷ்கெக்கில் எந்த வீடு மெச்சும்? இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். டீ குடிக்கும்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று குறிப்பை அழித்தாள், டிக்கைப் போட்டாள். டீ நேரத்தில் யாரோ கல்யாண வீட்டில் எண்ணெயில் பொரித்த போர்சோக் துண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். ஒரே கும்பல், ஒரே சிரிப்பு. சொல்ல வாய்க்கவில்லை. அப்புறம் மறந்தே போனாள், பாவி.

இன்று காலை நாரின் ஊரிலிருந்து போன். பழைய சீட்டு காணாமல் போனதில் வாத்தியார் ஒருவருக்கு இன்சுலின் போய்ச் சேரவில்லை. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம்.

"யாரு பாத்து ஓகே பண்ணது?" என்று இயக்குநர் ஆபீஸ் சாட் குழுவில் கேட்டார்.

பெகாயிம் கீபோர்டை இழுத்தாள். அதற்குள் டாலாய் முந்திக்கொண்டார். "தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு புதுசு, அவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? அவள விட்டுடுங்க."

கீழே வரிசையாக இதயங்கள் விழுந்தன. அதற்கும் கீழே இயக்குநர்: "அப்ப நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம், டாலாய்."

எதிர் மேசையிலிருந்து டாலாய் இவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அண்ணே, நான் அன்னிக்கே..."

"அட விடு தங்கச்சி. தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லாமயா இருந்திருப்ப?"

இதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம். தலையை ஆட்டினால் போதும், அவளுக்கு வேலை நிலைக்கும், பேரும் நிலைக்கும். ஆனால் அந்த வாத்தியார் எழுந்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. தனியாக இவரிடம் சொல்லி இனி யாருக்கு என்ன லாபம்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

குழுவைத் திறந்து, குனிந்து தட்ட ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி தட்டினாள்.

எல்லார் திரையிலும் அடியில் ஒரே வரி: 'பெகாயிம் டைப் செய்கிறார்'. டாலாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.